தளர்ந்த மர மூட்டு: பசையா, சீவலா, ஆப்பா, மறுவெட்டா?

மர வேலையைப் புதிதாகத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஆடுகிற மூட்டைப் பற்றியவை. பர்மாவில் பெகு ஊரில் ஒரு தம்பி தேக்குத் துண்டுகளில் முக்காலி செய்திருக்கிறார். உட்கார்ந்தால் கால் அசைகிறது. மாண்டலேயில் ஒரு அக்கா சாமி மாடத்துக்குச் சட்டம் வெட்டியிருக்கிறார். துளைக்குள் செருகிய முனை, தலைகீழாகப் பிடித்தால் தானாகக் கழன்று விழுகிறது. இன்சினில் ஒருவர் செய்த பெட்டியில் மூலைக்கு மூலை வெளிச்சம் தெரிகிறது. மூவரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பசை வாங்கலாம்?

கடைக்குப் போகுமுன் மூட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தளர்ச்சியைச் சரிசெய்ய ஏழெட்டு வழி உண்டு. அவற்றில் இரண்டுதான் பசையை நம்பி நிற்பவை. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பர்மா மழையில், தேக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில், மரம் விட்ட இடைவெளியை மரத்தால் நிரப்புவதே பெரும்பாலும் நல்லது. விதிவிலக்குகள் நிறைய இருப்பதால்தான் இத்தனை நீளம் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் தெளிவுபடுத்திவிட்டு மேலே போகிறேன். கழுந்து என்பது சட்டத்தின் முனையில் செதுக்கி எடுத்த நாக்கு. அது காலில் உள்ள துளைக்குள் போய் உட்காரும். கழுந்துக்கு இரண்டு அகன்ற முகம், இரண்டு ஒடுங்கிய ஓரம், அடியில் காலோடு முட்டி நிற்கும் தோள். மூட்டு ஆடுகிறது என்றால் இவற்றில் எது ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

இடைவெளியின் அளவு. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரியாது. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். கழுந்தைத் துளைக்குள் செருகி ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் எத்தனை தாள் நுழைகிறது என்று பாருங்கள். ஒரு தாள் சிரமப்பட்டுப் போனால் கவலையே வேண்டாம். மூன்று தாள் போனால் பசை மட்டும் போதாது. பதினைந்து தாள் போனால் அதை மூட்டு என்றே சொல்ல முடியாது, துளைக்குள் ஒரு குச்சி கிடக்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கம். கழுந்து மூட்டின் பலம் அகன்ற முகங்களில் இருக்கிறது. அங்கேதான் கழுந்தின் நாரும் துளைச் சுவரின் நாரும் பக்கவாட்டில் ஒட்டுகின்றன. ஒடுங்கிய ஓரங்கள் தொடுவது துளையின் வெட்டுமுகத்தை, அதாவது நார் குறுக்கே அறுபட்டு நிற்கும் முகத்தை. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு சொற்பம். ஆகவே மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதே அரை மில்லிமீட்டர் அகன்ற முகத்தில் என்றால் வேலை இருக்கிறது. புதியவர்கள் பலர் கண்ணுக்குத் தெரிகிற ஓர இடைவெளியைப் பார்த்துப் பதறுகிறார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் முகத்து இடைவெளியை விட்டுவிடுகிறார்கள்.

பாரம். நாற்காலி, முக்காலி, கட்டில் எல்லாம் ஆளின் எடையைத் தாங்குவதோடு, அவர் அசையும்போதெல்லாம் மூட்டை நெம்புகின்றன. படச்சட்டத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. முன்னதற்குப் போதாத வைத்தியம் பின்னதற்குத் தாராளம்.

மரம். தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு. புதிதாக வெட்டிய முகத்தில் பசை பிடிக்கும். வெட்டி வாரக்கணக்கில் கிடந்த முகத்தில் எண்ணெய் மேலே வந்துவிடுவதால் பிடிப்பு குறையும். பியின்கடோ என்ற பர்மிய வன்மரம் கல் மாதிரி. பசை உள்ளே ஊறாது, ஆப்பு அடித்தால் பிளக்கும். மோன் பக்கத்து ரப்பர் கட்டை பசைக்கு நல்ல பிள்ளை, ஆனால் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தாங்காது.

பருவம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். மரம் ஈரக் காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் இல்லையென்றே சொல்லலாம், எல்லாம் குறுக்குவாக்கில். தேக்கு இந்த விஷயத்தில் சாது. பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து வெளிநோக்கி 2.5 சதவீதமும்தான் சுருங்கும். இருந்தாலும் கணக்குப் போடுங்கள். ஆடி மழையில் மரத்தின் ஈரம் 18 சதவீதம், பங்குனியில் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. அகலமுள்ள கழுந்து அதற்குள் ஏறக்குறைய 1 மி.மீ. ஒடுங்கிவிடும். துளையின் நீளமோ காலின் நார் ஓடும் திசையில் இருக்கிறது, அது அப்படியே நிற்கும். எனவே கோடையில் மேலும் கீழும் இடைவெளி திறக்கும்.

தடிமன் விஷயம் வேறு. கழுந்தின் தடிமனும் துளையின் அகலமும் இரண்டுமே நாருக்குக் குறுக்கே இருப்பதால் ஏறக்குறைய சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே உப்பும். காலும் சட்டமும் ஒரே அளவு காய்ந்தவையாக இருந்தால் அகன்ற முகத்தில் பருவத்தால் தளர்ச்சி வருவதில்லை. அங்கே தளர்ச்சி இருக்கிறதென்றால் வெட்டியதில் பிழை, அல்லது சட்டம் ஈரமாக இருக்கும்போதே வெட்டியிருக்கிறீர்கள். பழியை மழைமேல் போட முடியாது.

இதையொட்டி ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தளர்ந்த கட்டில் காலையும் சுத்திப் பிடியையும் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வது. அன்றைக்கு இறுகும். உப்பிய மரம் துளைச் சுவரோடு மோதி நசுங்கிவிடுவதால், காய்ந்த பிறகு முன்பிருந்ததைவிடக் கூடுதலாகத் தளரும். ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் கழுந்து சிறுத்துக்கொண்டே போகும்.

இதற்கு மேல் இரண்டு கேள்வி: இந்த மூட்டை நாளைக்குப் பிரிக்க வேண்டி வருமா? கையில் என்ன கருவி இருக்கிறது? கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மின் கருவியை நம்பித் திட்டம் போட வேண்டாம். கீழே சொல்லும் எல்லாவற்றையும் கை ரம்பம், உளி, இழைப்புளி, கை டிரில் கொண்டே செய்யலாம்.

## வெள்ளைப் பசையும் மரத்தூளும்

எல்லாரும் முதலில் செய்வது இது. இந்தியாவில் ஃபெவிகால் என்றாலே புரிந்துகொள்ளும் அந்த வகை வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்து இடுக்கில் அடைப்பது. மலிவு, சுலபம், அரை மணியில் முடியும்.

வெள்ளைப் பசை மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் பலம். ஒரு தாள் தடிமனுக்கு மேல் போனால் பிடிப்பு வேகமாகக் குறையும். பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர். தண்ணீர் வற்றும்போது பசை சுருங்கி நடுவில் வெடிக்கும். தூளைக் கலந்தால் கலவை கெட்டியாகத் தெரியும், ஆனால் தூளுக்கு நார் இல்லை, இழுப்பைத் தாங்காது.

மறைந்திருக்கும் செலவு பிறகுதான் வரும். காய்ந்த வெள்ளைப் பசைமேல் புதிய வெள்ளைப் பசை சரியாக ஒட்டாது. அடைத்த மூட்டு ஆறு மாதத்தில் மறுபடி ஆடினால், உளியால் சுரண்டி மரம் தெரியும்வரை எடுத்த பிறகே வேறெதுவும் செய்ய முடியும். அதற்குள் துளை இன்னும் பெரிதாகியிருக்கும். பாலிஷ் போடும்போது பசை பட்ட இடம் வெளிறித் திட்டுத் திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் காய்வதற்கும் நேரம் பிடிக்கும். டப்பாவில் போட்ட நேரத்தைப்போல் இரு மடங்கு கிளாம்பில் விடுங்கள்.

இது சிறந்த வழியாகும் இடமும் உண்டு. இடைவெளி ஒரு தாளுக்குள் இருந்தால் தூள்கூட வேண்டாம், வெறும் பசை போதும். பாரமில்லாத மூட்டில், ஏற்கெனவே உறுதியாக நிற்கும் மூட்டின் வெளிவிளிம்பில், கண்ணுக்கு அழகாக்க மட்டும் தூள் கலவை பயன்படும். அதே மரத்தின் தூளை எடுங்கள். உப்புத்தாளில் வரும் பொடியைவிட ரம்பத்தூள் கொஞ்சம் மேல்.

நுரைத்து உப்பும் பாலியூரித்தேன் பசையையும் சிலர் கேட்கிறார்கள். நுரை இடைவெளியை நிரப்புவதுபோல் தெரியும். நுரைக்குப் பலம் கிடையாது.

## எபாக்சி

இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் எபாக்சி உண்மையிலேயே இடைவெளியை நிரப்பும் பசை. காயும்போது சுருங்காது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியிலும் பலம் குறையாது, மரத்தூளோ மெல்லிய சிலிக்கா பொடியோ கலந்து கெட்டியாக்கலாம். கிளாம்ப் போட்டு நசுக்கவும் வேண்டாம். அதிகம் நசுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும்.

தேக்கில் எபாக்சி போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முகத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அசிட்டோனுக்கு ஈடல்ல. அதில் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் அசிட்டோனைத் திறக்காதீர்கள்.

செலவு என்று பார்த்தால் முதலில் பணம்; வெள்ளைப் பசையைவிடப் பல மடங்கு. அடுத்தது நேரக் கெடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை கெட்டிப்படும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை மத்தியானத்தில் அரை மணிக் கலவை கையிலேயே சூடேறிக் கல்லாகிவிடும். விடியற்காலையில் கலக்குங்கள், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். ஒரு நாள் எடுத்துக் காயும் வகையைவிட அது பலத்திலும் ஈரம் தாங்குவதிலும் மட்டம். கையுறை அவசியம், பலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் வாழ்நாளுக்கும் தொடரும்.

பலர் யோசிக்காத குறை சூடு. வீட்டில் காயும் சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். மாண்டலே வெயிலில் முற்றத்தில் கிடக்கும் கறுத்த பெஞ்சின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தொடுவது கடினமே அல்ல. விளக்கு எரியும் சாமி மாடத்திலும் இதை யோசிக்க வேண்டும். கடைசியாக, எபாக்சி போட்ட மூட்டை மரத்தை உடைக்காமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

துளை கோணல்மாணலாகி, எங்கே எவ்வளவு விட்டுப்போயிற்று என்று அளக்கவே முடியாத நிலை என்றால் எபாக்சிதான். சீவலும் ஆப்பும் ஒழுங்கான இடைவெளிக்கு. ஒழுங்கற்றதற்கு நிரம்பி ஓடக்கூடிய ஒன்று வேண்டும்.

## சீவல் ஒட்டித் தடிப்பாக்குவது

என் முதல் தேர்வு. கழுந்து மெலிந்துவிட்டதா, அதன் அகன்ற முகங்களில் மெல்லிய மரச் சீவலை ஒட்டித் தடிப்பாக்குங்கள்; காய்ந்ததும் இழைத்துத் துளைக்குப் பொருத்துங்கள். மூட்டு மறுபடி மரமும் மரமும் தொடுகிற மூட்டாகிறது. பசைப் படலம் மெல்லியதாக இருப்பதால் சாதாரண வெள்ளைப் பசையே போதும்.

சீவலை வெளியே தேட வேண்டாம். இழைப்புளியைச் சற்று ஆழமாக வைத்து அதே மரத்தில் இழுத்தால் இரண்டு, மூன்று தாள் தடிமனில் சுருள் வரும். சுருளை ஈரத்துணியால் ஒற்றிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால் தட்டையாகும். இன்னும் தடிப்பாக வேண்டுமென்றால் பிளைவுட் முகத்தில் ஒட்டும் தேக்கு வெனியர் தாள் சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட துண்டு கிடைத்தாலே போதும். அதற்கும் மேல் என்றால் ரம்பத்தில் அறுத்த பட்டை.

செய்முறையில் மூன்று விஷயம் முக்கியம். சீவலின் நார் கழுந்தின் நாரோடு ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்கே ஒட்டினால் செருகும்போதே உரியும். இரண்டு முகத்திலும் சம அளவில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் சட்டம் காலைவிட முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நிற்கும். (முன்பே தள்ளி நின்றிருந்தால் இதுவே அதைத் திருத்தும் வாய்ப்பு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள்.) ஒட்டியதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு கட்டை, பிறகு கிளாம்ப், ஓர் இரவு.

மறுநாள் பொருத்தும்போது உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். உப்புத்தாள் விளிம்பை உருட்டிவிடும், நடுவில் மட்டும் தொடும் கழுந்து கிடைக்கும். அகன்ற உளியை முகத்தோடு படுக்கவைத்துச் சீவுங்கள். கையால் அழுத்தினால் முக்கால்வாசி போய், மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இரண்டு மெல்லிய தட்டு கேட்டால் அளவு சரி. தேக்கில் மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். நடுவில் ஒருமுறை தீட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆகும் செலவு பொறுமை. ஒரு முக்காலியில் எட்டு மூட்டும் தளர்ந்திருந்தால் பதினாறு முகம், கிளாம்ப் இரண்டே இருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும். தேக்கு என்றால் சீவல் ஒட்டும்போதும் மூட்டை ஒட்டும்போதும் இரண்டு தடவை முகத்தைத் துடைத்தாக வேண்டும். முன்பே பசை பூசி ஊறிய கழுந்தில் சீவல் நிற்காது.

## ஆப்பு

கழுந்து துளையைக் கடந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும் மூட்டுக்கு ஆப்பைவிட உறுதியான வைத்தியம் இல்லை. கழுந்தின் முனையில் ரம்பத்தால் பிளவு போட்டு, துளைக்குள் செலுத்தி, பசை தடவிய ஆப்பை அடித்து இறக்கினால் கழுந்து விசிறிபோல் விரிந்து பிடித்துக்கொள்ளும். துளையின் வெளிவாயை இரு முனையிலும் ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தி வைத்தால், பசை விட்டுப்போனாலும் கழுந்து வெளியே வராது.

பலர் தவறுவது திசையில். ஆப்பு தள்ளும் விசை காலின் நார் ஓடும் திசையிலேயே போக வேண்டும், அதாவது துளையின் வெட்டுமுகத்தை முட்ட வேண்டும். பக்கச் சுவரை முட்டினால் கால் நெடுகப் பிளக்கும். முக்காலிப் பலகையில் உருண்டை முனைக்கும் இதே விதி: பலகையின் நாருக்குக் குறுக்காகப் பிளவு. பிளவின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் விரிசல் சட்டத்துக்குள் ஓடாது. ஆப்பின் சரிவு எட்டுக்கு ஒன்று இருந்தால் நன்று.

இந்தத் திசை விதியிலிருந்து புரியும், சதுரக் கழுந்தை ஆப்பு அகலத்தில்தான் விரிக்கும். அகன்ற முகத்துத் தளர்ச்சியை அது தொடாது. இரண்டு பக்கமும் தளர்ந்திருந்தால் முகத்துக்குச் சீவலும் ஓரத்துக்கு ஆப்பும் சேர்த்தே போடுங்கள்.

மறுபக்கம் வராத குருட்டுத் துளையிலும் பிளவில் ஆப்பைச் செருகி, துளையின் அடித்தளமே அதை உள்ளே தள்ளும்படி அடிக்கலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆப்பு கால் மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் கழுந்து பாதி வழியில் நின்றுவிடும், உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

## மர ஆணி அடித்து இழுப்பது

தோள் காலோடு முட்டாமல் விலகி நிற்கிறதென்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்கு ஆணி. காலின் வழியே ஒரு துளை. கழுந்திலும் துளை, ஆனால் தோளை நோக்கி ஒரு மில்லிமீட்டர் தள்ளி. முனை கூராகச் சீவிய மர ஆணியை அடிக்கும்போது அது நேர்கோட்டுக்கு வர முயன்று கழுந்தை உள்ளே இழுக்கும். தேக்கிலும் பியின்கடோவிலும் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் போதும், மென்மரத்தில் ஒன்றரை.

இதன் அழகு, கிளாம்ப் வேண்டாம், பசைகூட வேண்டாம். எண்ணெய் மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி தேட வேண்டியதில்லை. அமரபுராவில் 1850 வாக்கில் பழைய அரண்மனைத் தேக்கைக் கொண்டு கட்டிய உபெயின் பாலம் 1.2 கிலோமீட்டர் நீளம். தூண்கள் சிலவற்றைக் காலம் மாற்றியிருக்கிறது, ஆனால் இன்னும் நடக்கிறார்கள். அங்கே பசையை நம்பி எதுவும் நிற்கவில்லை.

ஆணிக்கு மூங்கில் கைக்கெட்டும் பொருள். முற்றிய மூங்கிலின் வெளித்தோல் பக்கத்தை எடுங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைப் பொடி வண்டு விரும்பித் தின்னும்; சில வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் அந்தத் தொல்லை குறையும். செலவு என்றால், ஆணித் துளை கழுந்தின் நுனிக்கு அருகில் போய்விட்டால் நுனி உடைந்து தெறிக்கும். கழுந்தின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இந்த வழியை விட்டுவிடலாம். முகத்தில் மூன்று தாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஆணி மட்டும் போட்டுப் பயனில்லை, ஆணியையே அச்சாக வைத்துக்கொண்டு சட்டம் ஆடும்.

## கழுந்தை அறுத்துவிட்டு மாற்றுக் கழுந்து

இதைக் கேட்டதும் முகம் சுருங்கும். ஆனால் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் இதுவே குறைந்த வேலை. மெலிந்த கழுந்தைத் தோளோடு சமமாக அறுத்துவிடுங்கள். சட்டத்தின் முனையிலும் ஒரு துளை போடுங்கள். இரண்டு துளைக்கும் பொருந்தும்படி தனியாக ஒரு மரத்துண்டை இழைத்து இரண்டிலும் செருகுங்கள். தோளுக்குத் தோள் உள்ள நீளம் மாறாததால் முக்காலி சிறுக்காது, புதிய மரமும் வாங்க வேண்டாம். துண்டைக் கொஞ்சம் தடிப்பாக வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக இழைத்துப் பொருத்தலாம். பிழைத்தால் வேறு துண்டு, சட்டம் தப்பித்துவிடும்.

சிரமம் சட்டத்தின் வெட்டுமுகத்தில் துளை போடுவதில். உளி மட்டும் கொண்டு தொடங்காதீர்கள். வரிசையாகக் கை டிரிலில் துளைத்து, நடுவில் மிஞ்சும் சுவர்களை மட்டும் உளியால் எடுங்கள். சட்டம் 18 மி.மீ. தடிமனுக்குக் குறைவாக இருந்தால் துளைச் சுவர் மெலிந்து பிளந்துவிடும். அப்போது புதிய சட்டமே வெட்டுவது உத்தமம். பயிற்சிக்கும் அது நல்லது.

## இரும்புக் கோணம், திருகாணி

பிளைவுட் பெட்டியின் உட்புறம், கண்ணில் படாத அலமாரி முதுகு: தாராளமாகப் போடுங்கள். கழுந்து மூட்டுக்கு இது தற்காலிகக் கட்டுதான். வெட்டுமுகத்தில் இறங்கும் திருகாணி எளிதில் பிடுங்கிக்கொள்ளும், கோணமோ மரம் பருவத்தில் அசைவதைத் தடுத்துப் பிளவு உண்டாக்கும். பியின்கடோவில் முன்துளை போடாமல் திருகினால் ஆணியின் தலை கையோடு வரும்.

## ஒரு பார்வையில்

| வழி | தாங்கும் இடைவெளி | எதைச் சரிசெய்யும் | பிரிக்க முடியுமா | எங்கே வேண்டாம் |
|---|---|---|---|---|
| வெள்ளைப் பசை மட்டும் | ஒரு தாள் வரை | அகன்ற முகம் | கஷ்டம் | மழைபடும் இடம் |
| பசை + தூள் | அழகுக்கு மட்டும் | வெளிவிளிம்பு | கஷ்டம் | பாரமுள்ள மூட்டு |
| எபாக்சி | ஒரு மி.மீ. வரை, கோணல் துளையும் | எல்லாப் பக்கமும் | முடியாது | வெயில், சூடு |
| சீவல் | 2 முதல் 15 தாள் | அகன்ற முகம் | பசையைப் பொறுத்து | பசை ஊறிய பழைய கழுந்து |
| ஆப்பு | ஒன்றிரண்டு மி.மீ. | ஒடுங்கிய ஓரம், உருண்டை முனை | முடியாது | குருட்டுத் துளை |
| மர ஆணி | மூன்று தாள் வரை | விலகிய தோள் | ஆணியைத் துளைத்து எடுத்தால் முடியும் | குட்டைக் கழுந்து |
| மாற்றுக் கழுந்து | ஒன்றரை மி.மீ.க்கு மேல் | எல்லாம் | பசையைப் பொறுத்து | மெல்லிய சட்டம் |

## கேட்ட மூவருக்கும்

முக்காலி செய்த தம்பிக்கு: பலகைக்குள் போகும் கால் முனைகள் மறுபக்கம் தெரிகின்றன என்றால் ஆப்பு போடுங்கள், வேறெதுவும் யோசிக்க வேண்டாம். கீழே குறுக்குச் சட்டங்கள் ஆடினால் முகத்துக்குச் சீவல், கூடவே மூங்கில் ஆணி. மழைக்காலத்தில் ஒட்டுவதாக இருந்தால் சட்டத்தின் முனைகளை மட்டும் சூடான மணலில் ஒரு பொழுது புதைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். உலர்ந்து சுருங்கிய நிலையில் பொருத்திய கழுந்து பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி உப்பி இறுகும். ஊறப்போட்டு இறுக்குவதற்கு இது நேர் எதிர். அங்கே நசுங்கும், இங்கே நிரம்பும்.

சாமி மாடம் செய்யும் அக்காவுக்கு: மாடத்துக்குப் பெரிய பாரம் இல்லை, ஆனால் விளக்கின் சூடும் எண்ணெயும் உண்டு. எபாக்சியை விடுங்கள். தலைகீழாகப் பிடித்ததும் விழுகிறதென்றால் இரண்டு மூன்று தாள் இடைவெளி இருக்கும். முகத்துக்கு ஒரு சுருள் வீதம் சீவல் ஒட்டினாலே முடிந்துவிடும். எண்ணெய் படுமுன் ஒட்டிவிடுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு எந்தப் பசையும் நிற்காது. சித்திரையில் செய்து, கழுந்தின் மேலும் கீழும் மட்டும் நூலிழை இடைவெளி தெரிந்தால் அதைத் தொட வேண்டாம். ஆவணி வரட்டும், மூடிக்கொள்ளும்.

இன்சின் பெட்டிக்காரருக்கு வேலை வேறு மாதிரி. டவ்டெயில் (புறாவால் வடிவில் பல்லோடு பல் கோக்கும் மூலை மூட்டு) பற்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சம் ஒழுங்கான வெட்டின் இடைவெளி. தூள் குழைத்து அடைத்தால் பாலிஷுக்குப் பிறகு கறுப்புக் கோடாகத் தெரியும். அதே பலகையின் நுனியிலிருந்து ஆப்புபோல் மெலிந்து வரும் சிம்பை அறுத்து, பசை தடவி, இடுக்கில் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். வெட்டுமுகம் தெரியும் பக்கத்தில் சிம்பின் வெட்டுமுகமும் தெரியவேண்டும், அப்போதுதான் பாலிஷ் ஒரே நிறத்தில் ஏறும். காய்ந்ததும் துருத்தி நிற்பதை ரம்பத்தால் அறுத்து, இழைப்புளியை விளிம்பிலிருந்து உள்நோக்கியே ஓட்டுங்கள். வெளிநோக்கி ஓட்டினால் ஓரத்து நார் பெயர்ந்து புது இடைவெளி திறக்கும்.